நிறைமோர் குடித்தவர்கள்

செவ்வந்தி ஊதினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஓசூருக்கு வெளியே இருக்கும் எங்கள் தொழிற்சாலை வாசலில், காலை ஷிப்டுக்கு வந்த விடுதிப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தோம். காவலுக்கு நிற்கும் முனிரத்னா அக்கா ஒவ்வொருவர் வாய்க்கு முன்னாலும் ஒரு சின்னக் கருவியை நீட்டுவார். மூச்சில் சாராயம் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு என்றால் அன்றைய நாள் போச்சு. மூன்றாவது சிவப்பு என்றால் வேலையே போச்சு.

"இன்னொரு தரம் ஊதுடி," என்றார் அக்கா.

ஊதினாள். மறுபடியும் சிவப்பு.

"யாருடி வாங்கிக் குடுத்தா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "எங்களுக்கும் ஒரு வாய் குடுத்திருக்கலாமில்ல?"

வரிசை சிரித்தது. செவ்வந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். "தவமணி, நீ சொல்லு. நாலு இட்லி, ஒரு டீ. வேற என்ன சாப்பிட்டேன்?"

"நாலு இட்லி, ஒரு டீதான் அக்கா," என்றேன். நாங்கள் ஒரே அறை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

"எனக்குத் தெரியுதுடி. இந்த மெஷினுக்குத் தெரிய மாட்டேங்குதே," என்றார் அக்கா.

நான் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். பொறுக்கி எடுக்கிற வேலை அப்படி: கைப்பேசிப் பலகைகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று நாள் முழுவதும் உருப்பெருக்கியில் பார்ப்பேன். அதே புத்தியோடு அன்று சாயங்காலம், செவ்வந்தி குளிக்கப் போனபோது, அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். தண்ணீர்தான். அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டியையும் திறந்து பார்த்தேன். கூட வேலை செய்கிறவளையே இப்படிச் சோதிக்க வைத்தது எது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். கோபம் இருக்கிறது. கோபத்தில் முன்பின் மாறிவிடக் கூடாது என்பதற்காக, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

போன வருஷம் நிறுவனம் நிறைமோர் கொடுத்தது. ஒரே ஒரு டம்ளர் மோர். அதில் ஈஸ்ட் கலந்திருந்தது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டின் ஜாதிதான், ஆனால் ஆய்வகத்தில் மாற்றிச் செய்தது. அது வயிற்றில் போய்க் குடியேறிவிடும். நாம் சாப்பிடும் சோற்றையே தின்று, நமக்கு வேண்டிய வைட்டமின்களைச் செய்து கொடுக்கும். ஆயுசுக்கும் ஒரு டம்ளர் போதும் என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். வைட்டமின் ஏ இருப்பதால் அதற்கு மஞ்சள் நிறம். 'தங்க ஈஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மனிதவள மேலாளர் மோகனசுந்தர் சார் மேடையில் நின்று, கேமராவைப் பார்த்துக்கொண்டே முதல் டம்ளரைக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் குடிக்காததை உங்களுக்குக் குடுப்பேனா?"

நாங்கள் கைதட்டினோம். பிறகு காவலுக்கு நிற்பவர், டீ கொண்டுவருபவர் என்று ஒருவர் விடாமல் வரிசையாகப் போய்க் குடித்தோம்.

அடுத்த மாதம் விடுதிச் சாப்பாட்டில் முட்டை நின்றது. அப்புறம் கீரை, அப்புறம் சுண்டல். தட்டில் சோறு மட்டும் மலைபோல் ஏறியது. கேட்டால், "சத்தெல்லாம் உள்ளயே தயாராகுதும்மா," என்றார் விடுதிக் காப்பாளர்.

"நம்ம வயித்துக்குள்ளயும் ஷிப்ட் போட்டுட்டாங்கடி," என்றாள் செவ்வந்தி. அவள்தான் எங்கள் அறையில் எதற்கும் சிரிக்க வைப்பவள்.

அவளுக்கு முதலில் வந்தது நீர்க்கடுப்பு. எங்கள் வரிசையில் ஒருத்தி கழிவறைக்குப் போனால் அவள் திரும்பி வரும்வரை இன்னொருத்தி போகக் கூடாது. அடக்கி அடக்கி வந்த வியாதி அது. தொழிற்சாலை மருத்துவர் இளவழகன் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடுப்பு போய்விட்டது. ஆனால் வயிறு உப்பியது, தலை சுற்றியது. மறுபடி போனாள். "வயித்துல கிருமி," என்று மறுபடி ஆன்டிபயாடிக். அந்த மாத்திரை முடிவதற்குள்தான், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த முதல் சிவப்பு எரிந்தது.

இரண்டாவது சிவப்பு இரண்டு வாரம் கழித்து. அன்று ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது முனிரத்னா அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"விளக்குதான் உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் நம்பர் வரும், அது எனக்கு மட்டும்தான் தெரியும்," என்றார். "முப்பதைத் தாண்டினாத்தான் சிவப்பு. முன்னெல்லாம் எல்லாருக்கும் பூஜ்யம், முட்டைதான் வரும். இப்ப யாருக்கும் முட்டையே வர்றதில்லடி. ஒருத்திக்கு மூணு, ஒருத்திக்கு எட்டு."

"எனக்கு?"

"இன்னிக்கு ஒன்பது. நீயும் கள்ளு குடிச்சிட்டா வர்றே?"

"மெஷின் கெட்டுப்போச்சாக்கா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா புதுசா சேர்ற புள்ளைங்களுக்கு மொத நாள் முட்டைதான் வருது. மோர் குடிச்ச அப்புறம்தான் நம்பர் ஆரம்பிக்குது."

"இதைச் சொன்னீங்களா மேல?"

"சொன்னேன். விளக்கைப் பாரு, நம்பரைப் பாக்காதேன்னாங்க."

நான் மாலை வகுப்பில் ஆய்வக நுட்பப் பயிற்சி படிக்கிறேன். அதற்காக மட்டும் விடுதியில் எனக்கு வெளியே போக அனுமதி உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற ரோஸ்லின் மிஸ்ஸுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். அவரே பகலில் வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டுக் களைத்து வருபவர். அந்த வாரம் செய்முறை வகுப்பு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்தோம். தட்டில் இருந்த கூழில் ஆன்டிபயாடிக் கலந்திருந்தது.

அடுத்த வகுப்பில் தட்டுகளைத் திறந்தோம். மற்றவர்கள் தட்டு ஏறக்குறைய காலி. என் தட்டு முழுக்க மஞ்சள் பொட்டு.

"மிஸ், தவமணி வாய்க்குள்ள சாமந்தித் தோட்டம் வச்சிருக்கா," என்றான் பக்கத்தில் இருந்த பையன்.

ரோஸ்லின் மிஸ் ஒரு பொட்டைத் தொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். "வந்து பாருங்க. பாக்டீரியா இல்ல இது. எவ்வளவு பெருசா இருக்கு பாருங்க. அங்க ஒன்னு மொட்டு விடுது பாத்தீங்களா? அம்மா செல் இடுப்புல குழந்தை மாதிரி? ஈஸ்ட். ஒத்தைச் செல் பூஞ்சை. காளான் இருக்கில்ல, அதோட சொந்தம்."

"ஆன்டிபயாடிக் போட்டும் எப்படி மிஸ் வளருது?" என்று கேட்டேன்.

"போட்டதாலதான் அது மட்டும் வளருது. பாக்டீரியா ஒத்த ரூம் வீடு. அடுப்பு, படுக்கை, பெட்டி எல்லாம் ஒரே இடத்துல கிடக்கும். ஈஸ்ட் சின்னதுதான், ஆனா உள்ள தனித்தனி ரூம் இருக்கு. மரபுப் பொருளை உட்கருன்னு ஒரு ரூம்ல போட்டுச் சாத்தி வச்சிருக்கும். நம்ம செல் மாதிரியே. வெளிச்சுவரும் வேற சாமான். ஆன்டிபயாடிக்குங்கிறது பாக்டீரியா வீட்டை இடிக்கச் செஞ்ச கடப்பாரை. ஈஸ்ட் வீட்டுல அது வேலைக்காகாது."

"வைரஸ் மிஸ்?" என்றான் அந்தப் பையன்.

"அதுக்கு வீடே கிடையாது. அடுத்தவன் வீட்டுல புகுந்துதான் பிழைக்கும். உன்னை மாதிரி."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். "ஈஸ்ட்டைக் கொல்ல மருந்தே கிடையாதா மிஸ்?"

"இருக்கு, பூஞ்சை மருந்து. ஆனா கொஞ்சம்தான் இருக்கு. ஏன்னா பாக்டீரியாவை விட நமக்குத்தான் அது கிட்டத்துச் சொந்தம். அதுக்கு வைக்கிற விஷம் நம்மளையும் தொடும். பாத்துத்தான் குடுக்கணும்."

"ஒருத்தங்க வயித்துல ஈஸ்ட் நிறைய இருக்கு. அவங்க ஆன்டிபயாடிக் மேல ஆன்டிபயாடிக் சாப்பிட்டா?"

"பாக்டீரியா எல்லாம் காலி. ஈஸ்ட்டுக்கு மொத்த இடமும் கிடைக்கும். பெருகும்."

"பெருகினா?"

"சோறு, சர்க்கரை, காத்து இல்லாத இடம். இது மூணும் கிடைச்சா ஈஸ்ட் என்னம்மா செய்யும்? சாராயக் கடையில விக்கிறதெல்லாம் யாரு செஞ்சதுன்னு நெனச்சே?"

வகுப்பு மறுபடி சிரித்தது. நான் என் தட்டை மூடினேன். எனக்குள் எழுந்ததைப் பயம் என்று முதலில் நினைத்தேன். மாடிப்படி இறங்கி, பேருந்தில் ஏறி, உட்காரக்கூட முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது பயம் இல்லை, கோபம் என்று தெரிந்தது.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஒரு தட்டு மஞ்சள் பொட்டை வைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் சண்டைக்குப் போக நான் யார்? ரோஸ்லின் மிஸ் பொதுவாகச் சொன்னதை நான் எனக்கு வேண்டியபடி முடிச்சுப் போடுகிறேனோ? டாக்டரிடமே கேட்டால் அவர் ஒரு வார்த்தையில் என்னைத் திருத்திவிடுவார், திருத்தட்டும். மறுநாள் மதிய இடைவேளையில் செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு மருத்துவ அறைக்குப் போனேன். நான் சொன்னதை எல்லாம் டாக்டர் இளவழகன் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில்கூடத் தப்பு என்று சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்போதுதான் நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது.

"பூஞ்சை மருந்து இங்க கிடையாதும்மா," என்றார். "வாங்கி வைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"ஏன் சார்?"

"நிறைமோரைக் கொன்னுடுமில்ல. அப்புறம் உங்களுக்கெல்லாம் மறுபடி முட்டை போடணுமே." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"இவ வயித்துல இருக்கிறது பாக்டீரியா இல்லன்னு."

"ஒரு பொண்ணு வயித்தைப் பிடிச்சுட்டு வந்து நிக்குது. ஒன்னும் குடுக்காம அனுப்ப முடியுமா? ஏதாவது எழுதணுமில்ல. எழுதினேன்."

செவ்வந்தி அவர் மேஜைக்கு அருகே போனாள். "சார், அந்த மாத்திரைதான் என்னைக் குடிகாரி ஆக்கிச்சா?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் வெளியில பேசாதம்மா. உனக்குத்தான் அசிங்கம்," என்றார். குரலில் கோபமே இல்லை. அந்தக் கனிவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இவர் படித்தவர், எது எதைக் கொல்லும், எது எதை வளர்க்கும் என்று தெரிந்தவர். தெரிந்தேதான் கடப்பாரையை எடுத்து வேறு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் செவ்வந்திக்கு விடுதியை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. நான் வகுப்புக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில் கேட்டேன். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார்கள். அவளைச் சோறு தொடாமல் இருக்கச் சொன்னேன். விடுதியில் சோற்றைத் தவிர வேறு என்ன இருந்தது?

சனிக்கிழமை காலை மூன்றாவது சிவப்பு எரிந்தது.

அன்றே அவள் அப்பாவுக்கு ஃபோன் போனது. 'உங்கள் மகள் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறாள்' என்று சொன்னார்களாம். அவள் அப்பா மாதேசன் ஐயா தர்மபுரிப் பக்கம் மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குபவர். மத்தியானமே வந்துவிட்டார். வாசலில், எல்லோரும் பார்க்க, அவளைக் கன்னத்தில் அறைந்தார்.

"உனக்காகத்தானே நான் அதை விட்டேன்," என்றார். "நீ அஞ்சாங்கிளாஸ் படிக்கையில என் காலைப் பிடிச்சு அழுதே. அன்னிக்கு விட்டவன் இன்னிக்கு வரைக்கும் தொடல. நான் விட்டதை நீ எடுத்துக்கிட்டியா பாப்பா?"

"நான் குடிக்கலப்பா."

"நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

வேலை போவதைப் பற்றிச் செவ்வந்தி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த ஒரு வரிக்காக அழுதாள். என்னிடம், "எங்கப்பா நம்பினாப் போதும் தவமணி. மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும்," என்றாள்.

விசாரணை முடியும்வரை என்று அவளுடைய ஞாயிற்றுக்கிழமை அனுமதியையும் ரத்து செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. தொழிலாளி தரப்பில் ஒருவர் துணைக்கு வரலாம் என்ற விதி இருந்தது, நான் போனேன். பயிற்சி அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் மோகனசுந்தர் சார், டாக்டர். இன்னொரு பக்கம் செவ்வந்தி, அவள் அப்பா, நான். கருவியோடு முனிரத்னா அக்கா சாட்சிக்கு வந்திருந்தார். மேஜைமேல் ராஜினாமாக் கடிதம் தயாராகத் தட்டச்சு செய்து கிடந்தது. செவ்வந்தி கையெழுத்துக்குக் கீழே தகப்பனார் கையெழுத்துக்கும் ஒரு கோடு. வயது வந்த பெண்ணுக்கு எதற்கு அப்பாவின் கையெழுத்து என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பேனாவைக்கூடத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் பேசினேன். நன்றாகப் பேசவில்லை. ஈஸ்ட், பாக்டீரியா, உட்கரு என்று ஆரம்பித்து, ஒன்றைச் சொல்லும்போதே முன்னால் சொன்னது சரியா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போனேன். மாதேசன் ஐயா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் ஒரு சொல்கூட ஏறியதாகத் தெரியவில்லை.

மோகனசுந்தர் சார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "மாலை வகுப்புல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா? நல்லது. ஆனா ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சே. நிறைமோரை மொதல்ல குடிச்சது யாரு?"

"நீங்க சார்."

"மேடையில, எல்லாரும் பாக்க. நானும் மூணு வேளை சோறு சாப்பிடறவன்தானே? எனக்கு ஏன் போதை வரல?" அவர் முனிரத்னா அக்கா பக்கம் திரும்பினார். "அந்த மெஷினைக் கொண்டாம்மா. நானே ஊதுறேன்."

அதிகாரிகள் கார் வேறு வாசல் வழியாக வரும். அங்கே கருவி கிடையாது. அவர் அதில் இதுவரை ஊதியதே இல்லை.

"சார், வேணாம்," என்றார் டாக்டர்.

"ஏன் டாக்டர்? பயமா? நான் நேத்து தண்ணி எதுவும் போடல," என்று சிரித்தார் மோகனசுந்தர் சார்.

"அதில்ல சார்..."

அவர் ஊதிவிட்டார். பச்சை எரிந்தது. அக்கா கருவியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன வருது? சத்தமா சொல்லு."

"முட்டை சார்."

"பூஜ்யம்." அவர் கருவியை வாங்கி, மாதேசன் ஐயா பக்கம் திருப்பிக் காட்டினார். "பாத்துக்குங்க பெரியவரே. சுத்தமான பூஜ்யம். மோர் மேல பழி போட்டா ஆச்சா?"

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் காதில் இரத்தம் ஏறியது. கையை நீட்டிக் கருவியை வாங்கி ஊதினேன். பச்சை. பின்பக்கத்தை மேஜைமேல் திருப்பி வைத்தேன். பதினொன்று.

"அக்கா, நீங்க."

முனிரத்னா அக்கா ஊதினார். பச்சை. ஐந்து. "நான் வெத்தலை கூடப் போட மாட்டேன் சார்," என்றார், யாரும் கேட்காமலே.

டீ கொண்டு வந்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் பயந்துகொண்டே ஊதினாள். ஏழு. செவ்வந்தி ஊதினாள். சிவப்பு, நாற்பத்திரண்டு.

"இது என்ன விளையாட்டு?" என்றார் மோகனசுந்தர் சார். "சிவப்பு ஒருத்திக்குத்தானே வருது?"

அப்போது மாதேசன் ஐயா எழுந்தார். "குடும்மா," என்று என்னிடமிருந்து கருவியை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ சாமிக்கு முன்னால் நிற்பவர்போல ஊதினார். பச்சை எரிந்தது. திருப்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது, மகளிடம் நீட்டினார்.

"முட்டைப்பா," என்றாள் செவ்வந்தி.

அவர் தலையை ஆட்டினார். மெதுவாக, அறையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார்: என்னை, அக்காவை, டீ கொண்டுவந்த பெண்ணை, தன் மகளை. கடைசியாக மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"எனக்கு இந்தப் படிப்பெல்லாம் புரியாதுங்க சார்," என்றார். "ஆனா ஒன்னு கேக்கறேன். இந்தப் புள்ளைங்க அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு நம்பர் வருது. எனக்கு முட்டை. உங்களுக்கும் முட்டை. நான் உங்க மோரைக் குடிச்சதில்லைங்க."

மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"அன்னிக்கு நீங்க என்னத்தைக் குடிச்சீங்க?"

மோகனசுந்தர் சார் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மேஜையைப் பார்த்தார். டீ கொண்டுவந்த பெண் தட்டோடு கதவை முழுதாகத் திறந்து பிடித்தபடி நின்றாள். வெளியே வராந்தாவில் ஷிப்ட் மாறுகிற பெண்கள் ஒவ்வொருவராக நின்று எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மாதேசன் ஐயா பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினார். அதைக் கடிதத்தின்மேல் வைத்தார். பிறகு, அறைந்த கையாலேயே, மகளின் தலையைத் தொட்டார்.